கடவுளும் வேண்டும், அறிவியலும் வேண்டும் என்றால் முடியுமா?

இஸ்ரோ ஒரு ராக்கெட்டை ஏவுவதற்கு முன்னால் அதன் சின்ன மாதிரி ஒன்றைத் திருமலைக்கு எடுத்துப்போய் ஏழுமலையான் சன்னதியில் வைத்து வணங்கிவிட்டு வருவது பல வருடங்களாக நடக்கிற வழக்கம். ஒவ்வொரு முறை அந்தப் புகைப்படம் வரும்போதும் அதே சண்டைதான். "விஞ்ஞானியே சாமி கும்பிடுகிறார், உனக்கென்ன வந்தது" என்று ஒரு பக்கம். "கணக்கு சரியாக இருந்தால் கோவிலுக்கு ஏன் போகிறார்கள், போட்ட கணக்கில் நம்பிக்கை இல்லையா" என்று இன்னொரு பக்கம். இரண்டு தரப்புமே மத நம்பிக்கையும் அறிவியலும் சேர்ந்து இருக்க முடியுமா என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. முதலில் அதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஒரே ஆள் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியுமா என்பது முதல் கேள்வி. முடியும். கண் முன்னாலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இதில் விவாதிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் இதை வைத்து மட்டும் எதையும் நிரூபிக்க முடியாது, ஏனென்றால் மனிதர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாத விஷயங்களையும் தலைக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழக்கூடியவர்கள். சிகரெட் பிடிக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதால் சிகரெட்டும் மருத்துவமும் ஒத்துப்போகின்றன என்று ஆகிவிடாது. இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது: ஒரு மதம் சொல்வதும் அறிவியல் சொல்வதும், சொல்கிற விஷயம் என்ற அளவில், ஒன்றையொன்று வெட்டாமல் இருக்க முடியுமா?

இதற்கு ஒரே வார்த்தையில் ஆம், இல்லை என்று பதில் சொல்பவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். மதம் ஒரே சரக்கு இல்லை. அதற்குள் சடங்கு இருக்கிறது, திருவிழா இருக்கிறது, எது தர்மம் எது பாவம் என்ற பேச்சு இருக்கிறது, சாவு விழுந்த வீட்டில் என்ன சொல்வது என்பதற்கான வார்த்தைகள் இருக்கின்றன, பாட்டும் கட்டடமும் சாப்பாடும் இருக்கின்றன. இதோடு சேர்த்து, உலகம் இப்படித்தான் உண்டாயிற்று, இன்ன காலத்தில் இன்னது நடந்தது, இதைச் செய்தால் அது நடக்கும் என்று உலகத்தைப் பற்றிய தகவல்களும் இருக்கின்றன. அறிவியலோடு நேரடியாக உரசுவது கடைசியாகச் சொன்ன இந்தப் பகுதி மட்டும்தான். கார்த்திகைக்கு விளக்கேற்றுவதை எந்த ஆய்வகமும் பொய் என்று நிரூபிக்க முடியாது, அதில் பொய்யாக்குவதற்கு ஒரு தகவலே இல்லை. உலகத்தின் வயது 6000 வருடம் என்று சொன்னால் அது தகவல். அதைச் சரிபார்க்கலாம், சரிபார்த்தாயிற்று, தவறு. பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள்.

அறிவியல் பக்கத்திலும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அது முடிவுகளின் பட்டியல் என்பதைவிட, ஒரு முடிவுக்கு எப்படி வருவது என்பதைப் பற்றிய பிடிவாதம். நீ சொல்வதை நான் தனியாகச் செய்து பார்த்தாலும் அதே விடை வர வேண்டும், தவறாக இருந்தால் எங்கே பிடிபடும் என்பதையும் நீயே சொல்ல வேண்டும். இந்த வேலையை நடத்துவதற்கு ஒரு மறைமுகமான ஒப்பந்தம் தேவைப்படுகிறது: சோதனைக் குழாய்க்குள் தேவர்களோ பேய்களோ கை வைக்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்வது. உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் (1957-இல் இந்தியாவுக்கு வந்து இங்கேயே தங்கி, 1964-இல் புவனேஸ்வரில் இறந்தவர்) இதை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினார். ஆய்வகத்தில் நான் நாத்திகனாகத்தான் வேலை செய்கிறேன், கடவுளோ தேவதையோ சாத்தானோ என் சோதனையில் தலையிடாது என்று எடுத்துக்கொண்டுதான் அதை அமைக்கிறேன், அதனால் வாழ்க்கையிலும் நாத்திகனாக இருப்பதுதான் எனக்கு நேர்மை என்பது அவருடைய வாதம்.

இந்த வாதத்தில் ஒரு தாவல் இருக்கிறது. ஆய்வகத்தில் கடவுளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது வேலை செய்யும் முறை. கடவுளே இல்லை என்பது உலகத்தைப் பற்றிய முடிவு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவியே ஆக வேண்டுமா? ஹால்டேன் தாவினார். அதே முறையில், அவரைவிடக் கொஞ்சமும் குறையாத கறாரோடு வேலை செய்து, தாவாமல் நின்ற ஒருவரும் இருந்தார். எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அவர் கதையைவிட நல்ல கதை கிடையாது.

ஜார்ஜ் லெமைத்ர் 1894-இல் பெல்ஜியத்தில் ஷார்லெருவா நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தார். போர் முடிந்ததும் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார், பிறகு இறையியல் படித்து 1923-இல் கத்தோலிக்கப் பாதிரியார் ஆனார். அதே வருடம் கேம்பிரிட்ஜுக்குப் போய் எடிங்டன் என்ற வானியலாளரிடம் படித்தார், அங்கிருந்து அமெரிக்கா, அப்புறம் ஊர் திரும்பி லூவென் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. கழுத்தில் பாதிரிப் பட்டையோடு ஐன்ஸ்டைனுக்குப் பக்கத்தில் நிற்கிற குட்டையான, கொஞ்சம் பருத்த மனிதரை ஏதாவது ஒரு பழைய புகைப்படத்தில் பார்த்திருந்தால், அது இவர்தான்.

ஐன்ஸ்டைன் 1917-இல் தன் பொதுச் சார்பியல் சமன்பாடுகளை முழுப் பேரண்டத்துக்கும் போட்டுப் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. பேரண்டம் அசையாமல் நிற்க வேண்டும் என்று அவர் நினைத்தார், சமன்பாடுகள் அதை நிற்க விடவில்லை, எனவே நிறுத்திவைக்க ஒரு மாறிலியைச் சேர்த்தார். 1922-இல் ரஷ்யாவில் ஃப்ரீட்மன் என்ற கணிதவியலாளர், பேரண்டம் நிற்க வேண்டியதில்லை, விரியவும் சுருங்கவும் சமன்பாடு இடம் கொடுக்கிறது என்று காட்டினார். ஆனால் அது காகிதத்தில் இருந்த கணிதம். 1927-இல் லெமைத்ர் செய்தது அதற்கு மேல் ஒரு படி. தூரத்து விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் ஒளி சிவப்புப் பக்கமாக நகர்ந்திருப்பதை வானியலாளர்கள் ஏற்கெனவே அளந்திருந்தார்கள். அந்த மண்டலங்கள் வெளிக்குள் ஓடுவதால் மட்டும் அது வரவில்லை, அந்த வெளி என்பதே விரிகிறது, ஒளியும் அதோடு சேர்ந்து இழுபடுகிறது என்றார் அவர். எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம் என்ற விதியையும் எழுதி, அதற்கு ஒரு எண்ணையும் கணக்கிட்டார். அமெரிக்காவில் ஹப்பிள் என்ற வானியலாளர் அளவீடுகளோடு அதே விதியை வெளியிட்டது 1929-இல். லெமைத்ர் எழுதியது பிரெஞ்சில், அதிகம் பேர் படிக்காத ஒரு பெல்ஜிய இதழில், அதனால் பல காலம் பெயர் ஹப்பிளுக்கு மட்டும் போனது. 2018-இல்தான் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தி, ஹப்பிள்-லெமைத்ர் விதி என்று அழைக்கலாம் எனப் பரிந்துரைத்தது.

1927-இல் பிரஸ்ஸல்ஸில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கெல்லாம் சரி, ஆனால் இயற்பியலாகப் பார்த்தால் சகிக்க முடியவில்லை என்கிற மாதிரி சொன்னதாக லெமைத்ரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1931-இல் அவர் இன்னும் துணிந்தார். பேரண்டம் விரிகிறது என்றால் நேற்று இன்றைவிடச் சிறியதாக இருந்தது, அதற்கு முந்தைய நாள் அதைவிடச் சிறியது, இப்படியே பின்னால் போனால் எல்லாம் ஒரே ஒரு ஆதி அணுவுக்குள் இருந்த ஒரு தொடக்கம் வர வேண்டும். நேச்சர் இதழில் அந்தக் குறுங்கட்டுரை வந்தது. இன்று பெருவெடிப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோமே, அதன் முதல் வடிவம் இதுதான்.

இப்போது ஒரு நிமிடம் அந்தக் காலத்து இயற்பியலாளர் ஒருவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பாதிரியார் வந்து, உலகத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்கிறார். "ஆதியிலே தேவன்" என்று தொடங்கும் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர் வேறு என்ன சொல்வார் என்ற சந்தேகம் வருமா வராதா? வந்தது. இது சிருஷ்டியை ரொம்பவே நினைவூட்டுகிறது என்று ஐன்ஸ்டைனே தயங்கினார். ஃப்ரெட் ஹாயில் என்ற ஆங்கிலேய வானியலாளர் கடைசிவரை இதை ஏற்கவில்லை. தொடக்கமே இல்லாத, எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் பேரண்டம் என்ற போட்டிக் கோட்பாட்டை 1948-இல் அவரும் இரண்டு நண்பர்களும் முன்வைத்தார்கள். 1949-இல் பிபிசி வானொலியில் பேசும்போது எதிர்த்தரப்புக் கோட்பாட்டைக் குறிக்க அவர் சொன்ன பெயர்தான் "பிக் பேங்". எதிரி வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் லெமைத்ர் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடவே இல்லை. 1931 கட்டுரையின் தட்டச்சுப் பிரதியில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது. கடவுளை நம்புகிறவர்கள் அவர் மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார்கள், இயற்பியல் சிருஷ்டியின் மீது ஒரு திரையைப் போடுவதைப் பார்த்து அவர்கள் சந்தோஷப்படலாம் என்பதுபோல ஒரு பத்தி. அச்சுக்கு அனுப்பும் முன் அதை அவரே அடித்துவிட்டார். வெளியான கட்டுரையில் கடவுள் இல்லை.

கதையின் உச்சம் இருபது வருடம் கழித்து வருகிறது. 1951 நவம்பர் 22 அன்று போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், வாத்திகனின் அறிவியல் கழகத்தில் உரையாற்றினார். நவீன அறிவியல் உலகத்துக்கு ஒரு தொடக்கம் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டது, "ஒளி உண்டாகக்கடவது" என்ற அந்த ஆதிக் கணத்துக்கே சாட்சி சொல்கிறது, ஆகவே சிருஷ்டி உண்டு, ஆகவே சிருஷ்டிகர் உண்டு என்ற தொனியில் போனது உரை. ஒரு பாதிரியாருக்கு, தன் சொந்தக் கோட்பாட்டையே போப்பாண்டவர் வாயால் இப்படிக் கேட்பதைவிட வேறு என்ன பெருமை வேண்டும்? லெமைத்ருக்குச் சங்கடமாகிவிட்டது. வாத்திகன் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஓகானெல் என்ற இயேசு சபைப் பாதிரியாரோடு சேர்ந்து, இப்படிப் பேசுவது சரியில்லை என்ற செய்தியைப் போப்பாண்டவரின் காதுக்குக் கொண்டுபோனார். அடுத்த வருடம் செப்டம்பரில் வானியலாளர்களின் உலக மாநாடு ரோமில் கூடியபோது போப்பாண்டவர் மறுபடி பேசினார். இந்த முறை அறிவியல் சிருஷ்டியை நிரூபித்துவிட்டது என்ற பேச்சே வரவில்லை.

ஏன் தடுத்தார்? எனக்குப் புரிந்தவரை மூன்று காரணங்கள், மூன்றாவதுதான் ஆழமானது. ஒன்று, அப்போது பெருவெடிப்பு நிரூபணமான கோட்பாடே இல்லை. ஆதி வெப்பத்தின் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைப் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பிடித்தது 1960-களின் நடுவில்தான். 1966 ஜூனில் லெமைத்ர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு மருத்துவமனைப் படுக்கையில் அந்தச் செய்தி அவருக்குச் சொல்லப்பட்டது. 1951-இல் ஹாயில் ஜெயித்திருக்கவும் வாய்ப்பிருந்தது, அப்படி நடந்திருந்தால் கடவுளும் சேர்ந்து தோற்றிருப்பார். இரண்டு, இயற்பியல் சொல்லும் தொடக்கம் வேறு, இறையியல் சொல்லும் படைப்பு வேறு. இது புதுச் சமாளிப்பும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ், உலகம் ஒரு காலத்தில் தொடங்கியது என்பதைப் பகுத்தறிவால் மட்டும் நிரூபிக்க முடியாது, உலகம் என்றென்றும் இருந்துவந்திருந்தாலும் அது இருப்பதற்குக் கடவுள் தேவை என்று வாதிட்டிருக்கிறார். மூன்று, ஒரு சமன்பாட்டின் விளிம்பில் அகப்படுகிற கடவுளை லெமைத்ர் நம்பவில்லை. அவருடையது ஏசாயா தீர்க்கதரிசி சொல்கிற மறைந்திருக்கும் கடவுள், படைப்பின் தொடக்கத்தில்கூட மறைந்தே இருப்பவர். இந்தக் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது, பொருளைத் தாண்டி எதுவும் இல்லை என்கிற பொருள்முதல்வாதிக்குக் கடவுளை மறுக்கிற சுதந்திரத்தையும் அது விட்டுவைக்கிறது என்று அவர் 1958-இல் திட்டவட்டமாகச் சொன்னார். 1960 முதல் இறக்கும்வரை அந்த வாத்திகன் அறிவியல் கழகத்துக்கே அவர் தலைவராக இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் தவிர்த்த தவறுக்கு "இடைவெளிகளின் கடவுள்" என்று பெயர். அறிவியலுக்கு இன்னும் விடை தெரியாத ஓட்டையில் கடவுளைக் கொண்டுபோய் உட்கார வைப்பது. நியூட்டனே இதைச் செய்தார். கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் அவற்றின் பாதைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துபோகும், அவ்வப்போது கடவுள் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்தார். உன் கடவுள் செய்த கடிகாரத்துக்கு அடிக்கடி சாவி கொடுக்க வேண்டுமா என்று ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் கிண்டலடித்தார். 1780-களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் கணக்குப் போட்டார். வியாழனும் சனியும் பாதை விலகுவதுபோலத் தெரிவது சுமார் 900 வருடச் சுற்றில் திரும்பி வருகிற ஒரு அசைவு. சரிசெய்ய யாரும் தேவையில்லை. ஓட்டை அடைபட்டது, கடவுள் வெளியே. இப்படி நம்பிக்கை வைக்கிறவர்களுக்கு ஒவ்வொரு புதுக் கண்டுபிடிப்பும் ஒரு தோல்விச் செய்தியாகத்தான் வரும், பாவம்.

இதன் புதிய பதிப்பு 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோவர் என்ற சிற்றூரில் நீதிமன்றம் ஏறியது. உயிர்கள் இவ்வளவு சிக்கலாக இருப்பதால் யாரோ ஒரு புத்திசாலி வடிவமைத்திருக்க வேண்டும் என்ற கருத்தைப் பரிணாமத்துக்கு மாற்றாக மாணவர்கள் காதில் போட வேண்டும் என்று பள்ளி வாரியம் முடிவெடுத்தது, பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். வாரியத்தின் முக்கிய சாட்சி மைக்கேல் பீஹி என்ற உயிர்வேதியியலாளர். பாக்டீரியாவின் வால் போன்ற கசையிழையில் ஒரு பாகத்தை எடுத்தாலும் வேலை செய்யாது, ஆகவே படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்பது அவருடைய புகழ்பெற்ற உதாரணம். எதிர்த்தரப்பில் கென்னத் மில்லர் என்ற உயிரியலாளர், அதே பாகங்களில் ஒரு பகுதி மட்டும் வேறு பாக்டீரியாக்களில் நஞ்சு செலுத்தும் ஊசியாக வேலை செய்வதைக் காட்டினார். குறுக்கு விசாரணையில் பீஹி, அறிவியல் என்பதற்குத் தான் சொல்லும் விளக்கத்தை ஏற்றால் ஜோசியமும் அதற்குள் வந்துவிடும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜோன்ஸ் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று: பீஹியும் கத்தோலிக்கர், மில்லரும் கத்தோலிக்கர். பெற்றோர் தரப்பில் ஒரு கத்தோலிக்க இறையியலாளரும் சாட்சி சொன்னார். பக்தனுக்கும் நாத்திகனுக்கும் நடந்த சண்டை என்று இதை யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

கலிலியோவை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 1633-இல் திருச்சபை அவரை விசாரித்து, மிரட்டி, கருத்தை வாபஸ் வாங்கவைத்து, சாகும்வரை வீட்டுக் காவலில் வைத்தது. அதில் மழுப்ப எதுவும் இல்லை, அது அதிகாரம் செய்த அநியாயம். ஆனால் கலிலியோ கடைசிவரை விசுவாசி. சொர்க்கத்துக்கு எப்படிப் போவது என்பதைத்தான் வேதம் சொல்கிறது, வானம் எப்படிப் போகிறது என்பதை இல்லை என்ற பிரபலமான வாக்கியத்தை ஒரு கர்தினால் சொன்னதாக எடுத்துக்காட்டியவர் அவர்தான்.

சரி, நம் பக்கம் வருவோம். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தேற்றங்கள் நிறைந்த ஒரு கடிதம் எழுதினார். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டினாள் என்று அவர் சொல்லிவந்ததாகத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஹார்டியோ முழு நாத்திகர், கடவுளைத் தன் சொந்த எதிரியாகவே பாவித்தவர் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இருவரும் சேர்ந்து கணித வரலாற்றின் மிகச் சிறந்த கூட்டு வேலைகளில் ஒன்றைச் செய்தார்கள். எப்படி? சூத்திரம் கனவில் வந்ததா, குளிக்கும்போது வந்ததா என்பது கணிதத்துக்குத் தேவையில்லை, நிரூபணம்தான் தேவை. ராமானுஜன் அனுப்பியவற்றில் அற்புதங்கள் இருந்தன, பகா எண்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் சில தப்பாகவும் இருந்தன. அவை எங்கிருந்து வந்திருந்தாலும் தப்பு தப்புதான். ஒரு யோசனை எங்கே பிறக்கிறது என்பது வேறு, அது எங்கே சோதிக்கப்படுகிறது என்பது வேறு. பக்திக்கு முதல் இடத்தில் தாராளமாக உட்கார அனுமதி உண்டு, இரண்டாவதில் நுழைவே கிடையாது. 1979 இயற்பியல் நோபலும் இதே கதைதான். தொழுகை தவறாத அப்துஸ் சலாமும், வெளிப்படையான நாத்திகரான ஸ்டீவன் வைன்பர்க்கும் தனித்தனியாக வேலை செய்து ஒரே கோட்பாட்டில் வந்து நின்றார்கள், கிளாஷோவோடு பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்த உரசலைத் தினமும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம், பஞ்சாங்கம் என்ற பெயரில். பழைய வாக்கியப் பஞ்சாங்கம் சாதாரண மூடத்தனம் இல்லை. நிலாவின் தினசரி இடத்தை 248 வாக்கியங்களுக்குள் எழுத்துகளாகப் பூட்டி வைத்த கணிதம் அது. 1760-களின் கடைசியில் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், 1765-இல் நடந்த ஒரு சந்திர கிரகணத்துக்குத் தமிழ்க் கணக்கர் ஒருவர் போட்ட கணக்கைப் பார்த்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் 41 வினாடிதான் குறைந்தது. ஐரோப்பாவின் அப்போதைய சிறந்த அட்டவணையில் 68 வினாடி கூடியிருந்தது. ஆனால் எந்தக் கணக்கும் நூற்றாண்டுகள் போகப்போக வானத்திலிருந்து விலகும், அவ்வப்போது வானத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் அதைச் செய்ய முயன்றவர் மதராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தவர், ஆசாரமான வைணவர், நவீன அளவீடுகளை வைத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். எதிர்ப்பு அவருக்குச் சாஸ்திரம் தெரிந்தவர்களிடமிருந்தே வந்தது.

இன்றும் இரண்டும் ஓடுகின்றன. திருக்கணிதப்படி சனி கும்ப ராசிக்குப் போனது 2023 ஜனவரி 17. திருநள்ளாறு கோவில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால் அங்கே சனிப்பெயர்ச்சி விழா 2023 டிசம்பர் 20. நடுவில் பதினோரு மாதம். ராசியின் எல்லையை எங்கே போடுவது என்பது நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு, ஆனால் சனி எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தெரிகிறது என்பது யாரும் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லக்கூடியது. இங்கே மூன்று அடுக்கு இருப்பதைக் கவனியுங்கள். நளதீர்த்தத்தில் குளித்து எள் தீபம் ஏற்றுவது வழிபாடு, அறிவியலுக்கு அதில் வேலை இல்லை. சனி இப்போது எங்கே இருக்கிறது என்பது அளவீடு, அதில் கோவிலுக்கு வேலை இல்லை. சனி இடம் மாறினால் என் வேலையும் கல்யாணமும் மாறும் என்பது நம்பிக்கையின் உடையில் வருகிற ஒரு தகவல், அதைச் சோதிக்கலாம். வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் குழு புனேயில் சோதித்தது. படிப்பில் சூட்டிகையான பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு வகையினரின் ஜாதகங்களைக் கொடுத்து எது எது என்று ஜோசியர்களைக் கேட்டார்கள். பதில் அனுப்பிய 27 பேரின் சரியான விடை 46 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 வரும்.

ஸ்டீவன் ஜே கூல்ட் என்ற உயிரியலாளர் 1997-இல் ஒரு சமாதானத் திட்டம் சொன்னார்: உண்மை நிலவரம் அறிவியலின் எல்லை, மதிப்பும் அர்த்தமும் மதத்தின் எல்லை, அவரவர் எல்லைக்குள் இருந்தால் சண்டையே இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எந்த மதம் அந்த எல்லைக்குள் இருக்கச் சம்மதித்திருக்கிறது? உயிர்த்தெழுதல் நடந்த நிகழ்ச்சி என்றுதான் கிறிஸ்தவர் நம்புகிறார், உருவகம் என்று இல்லை. மறுபிறவியும் அப்படித்தான். பிரார்த்தனை பலிக்கும் என்பதும் அப்படித்தான், அதையும் சோதித்திருக்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரில் ஒரு பகுதியினருக்காக முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்தார்கள். ஜெபம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்த இரண்டு குழுக்களில், ஜெபம் கிடைத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும் கிடைக்காதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன, வித்தியாசமே இல்லை. உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம்! (பயந்துவிட்டார்களோ என்னவோ.)

கடவுள் சோதனைக்கு ஆட்படுகிறவர் இல்லை என்று பக்தர் இதற்குப் பதில் சொல்லலாம். நியாயமான பதில்தான், லெமைத்ரும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறார். ஆனால் அப்படிச் சொன்னவர் நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமானதும் பார்த்தாயா என் சாமியை என்று சாட்சிக்குக் கூப்பிட முடியாது. தோற்கும்போது சோதனைக்கு அப்பாற்பட்டவர், ஜெயிக்கும்போது ஆதாரம் என்று இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ள அறிவியல் விடாது. அதே கறாரை எதிர்ப்பக்கமும் காட்ட வேண்டும்: ஆய்வகத்தில் கடவுளைச் சேர்க்காமலேயே கணக்குப் போடுகிறவர், கணக்கின் முடிவில் கடவுள் வரவில்லை என்பதைக் கண்டுபிடிப்பாக அறிவிக்க முடியாது.

ஆக என் பதில்: சேர்ந்து இருக்கலாம், ஆனால் இலவசமாக இல்லை. நம்பிக்கை, சோதிக்கக்கூடிய தகவல்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். லெமைத்ர் அந்த விலையைக் கொடுத்தார், ஒரு பத்தியை அடித்து, ஒரு போப்பாண்டவரைத் தடுத்து. அவருக்கு அது கட்டுப்படியானது, ஏனென்றால் அவருடைய கடவுள் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் குறைந்தால் பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொள்கிற ஒரு அம்மாவுக்கு அந்தக் கடவுள் போதுமா? தத்துவ நூல்களில் இரண்டும் ஒத்துப்போகும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் லெமைத்ரின் கடவுளுக்குத்தான் இடம் வாங்கித் தருகிறார்கள். அந்த அம்மாவின் முருகன் வேண்டுதலைக் கேட்பவர், பதில் செய்பவர், அதாவது உலகத்தில் ஏதோ ஒன்றை மாற்றுபவர். அந்த முருகனுக்கும் அறிவியலுக்கும் உள்ள கணக்கு இன்னும் தீரவில்லை, தீர்ந்துவிட்டதாகச் சொல்கிற எந்த வாதத்தையும் நான் இதுவரை நம்பவில்லை. அவளோ காலையில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, மாத்திரையும் வாங்கிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசும் முடிந்து வைத்துவிட்டாள்.